அரிச்சல்முனையில் ஒரு மே மாதக் காலை

காலையிலேயே மணல் சுடத் தொடங்கிவிட்டது. தனுஷ்கோடியைத் தாண்டி, ஒரு பக்கம் ஆண் கடல், மறு பக்கம் பெண் கடல் என்று நீளும் அந்த மணல் நாக்கில் அக்கா மகனோடு நடந்தேன்.

“மாமா, அந்தக் குருவிக்குக் காயம்!” என்றான்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை. ஒரு சிறகை மணலில் இழுத்தபடி எங்களுக்கு முன்னால் தத்தித் தத்தி ஓடியது. அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குக் காயமில்லை, கூட்டிலிருந்து நம்மை விலக்கி அழைத்துப்போகும் தாய்மையின் தந்திரம் அது. கூடு என்றால் மணலில் ஒரு சிறு பள்ளம். புள்ளியிட்ட முட்டைகள் கிளிஞ்சல் துண்டுகளோடு கலந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பறவையின் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. கென்டிஷ் உப்புக்கொத்தி என்ற இனத்தின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது, 2023இல்தான் தனி இனம் என்று மீண்டும் ஏற்றார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வதால், சேது கட்ட உதவிய அனுமனின் பெயர். எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

பின்வாங்கி, தொலைவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தோம். சில நிமிடங்களில் திரும்பி வந்தது. முட்டைகள் மேல் அமராமல், வெயிலுக்குக் குறுக்கே நின்று நிழல் கொடுத்தது. பையன் பேசவேயில்லை.

சற்றுத் தள்ளி மணலில் ஜீப் தடங்கள். தயவுசெய்து வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, ஈர மணலோரமாக நடந்து வாருங்கள்.