குரோஷாவில் குட்டி ஹார்ட்: ஐந்து வாரக் குறிப்பு

ஜனவரி 11, ஞாயிறு

காதலர் தினத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வருஷம் கடையில் எதுவும் வாங்கப் போவதில்லை. வேண்டியவர்களுக்கெல்லாம் பஞ்சு வைத்த குட்டி ஹார்ட் ஒன்று என் கையால் பின்னிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பொங்கலுக்காக வந்திருக்கும் அம்மாவிடம் பட்டியலைக் காட்டினேன். என் வீட்டுக்காரர், அப்பா, அலுவலகத் தோழிகள் இரண்டு பேர், எதிர் வீட்டுக் குழந்தை.

"அப்பாவுக்கு எதுக்குடி? அது சின்னஞ்சிறுசுங்க சமாச்சாரம் இல்லையா?"

"பிரியம் இருக்கிற யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்மா."

"அப்போ எனக்கு?" என்றாள். பட்டியலில் ஆறாவது பெயரும் ஏறியது.

குரோஷா ஊசி, அதாவது நூல் பின்னும் கொக்கி ஊசி, எனக்குப் புதிதல்ல. 2016 ஜனவரி 31 அன்று நம் சென்னையில்தான் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. எத்தனையோ கைகள் பின்னிய துண்டுகளைச் சேர்த்து இணைத்த போர்வை. அந்தப் படத்தைப் பார்த்த ஆசையில் ஒரு ஊசி வாங்கி, நாலு சதுரம் பின்னி, அப்படியே வைத்துவிட்டேன். பத்து வருஷம் கழித்து இன்றுதான் அதை மறுபடி எடுத்தேன்.

முதல் ஹார்ட் சல்லடை மாதிரி வந்தது. கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கிறது. எங்கே தப்பு என்று தேட ஒரு மணி நேரம் ஆனது. நான் பார்த்தது சித்தி வீட்டில் இருந்த பழைய கைவேலைப் புத்தகம். அதில் 'டபுள் குரோஷே' என்ற கண்ணி வகையைப் போடச் சொல்லி இருந்ததால், வீடியோவில் பழகிய டபுள் குரோஷேயைப் போட்டேன். வீடியோவில் இருப்பது அமெரிக்கக் கணக்கு, புத்தகம் பிரிட்டிஷ் கணக்கு. பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பதைத்தான் அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிறார்கள். பெயர் ஒன்று, உயரம் வேறு: அமெரிக்க டபுள்தான் நெட்டை. ஜப்பானியர்கள் அமிகுருமி என்று சொல்லும் பஞ்சு பொம்மை வேலைக்கு அந்தக் குள்ளமான சிங்கிள் குரோஷேதான் சரி. நெருக்கமாக உட்காரும், பஞ்சு வெளியே வராது. புதிதாக எந்தப் பேட்டர்னை எடுத்தாலும் முதலில் இது யார் கணக்கு என்று பார்த்துவிடுங்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

மதிய இடைவேளையில் பாரிமுனைக்கு நடந்துபோய் காட்டன் நூல் வாங்கினேன். இதுவரை பின்னியது வீட்டில் கிடந்த அக்ரிலிக் உல்லனில். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்தால் அது ஊசியில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடுகிறது. காட்டன் வேர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, கண்ணியும் தெளிவாகத் தெரிகிறது. ஹார்ட் மேல் எழுத்துத் தைக்கப் போகிறவளுக்கு அது முக்கியம். ஊசியையும் 4 மில்லிமீட்டரிலிருந்து 2.5க்கு மாற்றிவிட்டேன். நூல் உறையில் போட்டிருக்கும் அளவைவிடச் சின்ன ஊசிதான் பொம்மைக்கு வேண்டும்.

அரிசி வெள்ளை, மெரூன், மஞ்சள், சிவப்பு என்று 50 கிராம் கண்டு நாலு. ஒரு ஹார்ட்டுக்கு 10 கிராம்கூடப் பிடிக்கவில்லை.

சிவப்பில்தான் ஏமாந்தேன். சாயம் போகாது என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். ராத்திரி ஈரமான வெள்ளைக் கைக்குட்டைக்குள் ஒரு துண்டு நூலை வைத்து அழுத்தினேன், பத்து நிமிஷத்தில் குங்குமம் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. கண்டைத் தளர்வாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, தண்ணீர் தெளியும் வரை அலசினேன். நாலு தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளை ஹார்ட்டில் இந்தச் சிவப்பால் தைத்து, பிறகு யாராவது துவைத்திருந்தால் அவ்வளவுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று பின்னியது ஹார்ட் இல்லை, பம்பரம்.

மேலே இருக்கும் இரண்டு மேடுகளும் நன்றாகத்தான் வந்தன. மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 6 கண்ணி, அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18, பிறகு கூட்டாமல் குறைக்காமல் இரண்டு சுற்று. இப்படி இரண்டு குல்லாய். முதல் குல்லாயில் நூலை வெட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து நேராக முதலாவதுக்குத் தாவிப் பின்னினால் மொத்தம் 36 கண்ணி ஆகிவிடும். நடுவில் விழும் சின்ன ஓட்டையைக் கடைசியில் இரண்டு தையலில் மூடலாம்.

தப்பு நடந்தது கீழே. நான் சுற்று முழுக்கச் சமமாக ஆறு இடத்தில் குறைத்துக்கொண்டே வந்தேன். எல்லாப் பக்கமும் சமமாகக் குறைந்தால் கூம்புதானே வரும்? அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆணி ஒண்ணு அடிச்சா சுத்தலாம்" என்றாள்.

சாயங்காலம் பிரித்துவிட்டு வேறு மாதிரி யோசித்தேன். ஹார்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு முகம். பக்கத்துக்கு 18 கண்ணி. ஒவ்வொரு முகத்தின் இரண்டு ஓரத்தில் மட்டும் ஒரு கண்ணி குறைத்தால் போதும், நடுவைத் தொடவே கூடாது. அப்போது 36, 32, 28, 24 என்று சுற்றுக்கு நாலு நாலாக இறங்கும். சிங்கிள் குரோஷே கண்ணி ஏறக்குறைய சதுரம் என்பதால் இரண்டு ஓரமும் ஒரே சாய்வில் இறங்கி அடியில் கூர்மையாகச் சேரும். 8 கண்ணி வந்ததும் நூலை இழுத்து மூடிவிடலாம். அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். தட்டையாக, கொழுகொழுவென்று, சீட்டுக்கட்டு ஆர்ட்டின் மாதிரியே இருந்தது.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. மூன்று பின்னினேன், மூன்றும் கீழே போகப் போக வலது பக்கம் முறுக்கிக்கொண்டன. கண்ணி எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. விஷயம் என்னவென்றால், சுற்றிச் சுற்றிப் பின்னும்போது சிங்கிள் குரோஷே கண்ணி தனக்குக் கீழே இருப்பதன் மேல் நேராக உட்காருவதில்லை, கொஞ்சம் வலது தள்ளி உட்காருகிறது. வலது கைக்காரர்களுக்குப் பொதுவாக இது நடக்கும். நாலைந்து சுற்றில் ஓரம் என்று நான் நினைத்த இடம் ஓரமாக இல்லை.

இரண்டு ஓரத்திலும் ஊக்கு குத்திக்கொண்டேன். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஹார்ட்டை மேஜையில் தட்டையாக வைத்து, மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கே ஊக்கை மாற்றிக் குத்தினேன். எண்ணுவதைவிட மடித்துப் பார்ப்பதுதான் இதற்குச் சரியான அளவுகோல். நாலாவது ஹார்ட் நேராக நின்றது. ஜன்னல் திண்டில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி குல்லாய்களை ரயிலில் பின்னலாம். சாயங்காலம் கோட்டையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், கிண்டி வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். குறைக்கும் வேலை மட்டும் வீட்டில், வெளிச்சத்தில்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இந்த வாரம் கையைவிட யோசனைக்குத்தான் வேலை. ஆறு ஹார்ட்டும் ஒரே அச்சில் இருந்து, மேலே பெயர் மட்டும் மாறினால் அது கடையில் கிடைப்பதுதான். நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இது எங்கே இருக்கப் போகிறது? அதற்குப் பதில் கிடைத்ததும் அளவு, நிறம், உள்ளே வைப்பது எல்லாம் தானாகவே முடிவாகின.

அப்பாவுடையது பீரோவில், வேட்டி அடுக்கின் மேல் இருக்கும். அதனால் உள்ளே வெட்டிவேர். மயிலாப்பூர் டப்பா செட்டி கடையில் வாங்கி, பொடியாக நறுக்கி, மல் துணியில் குட்டிப் பை தைத்து அடைத்தேன். வேரை நேராகப் போட்டால் முனை கண்ணி வழியாகக் குத்திக்கொண்டு வெளியே வரும். பையைச் சுற்றி ரெக்ரான் என்கிற பாலியெஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சும் வைத்துப் பார்த்தேன், தலையணைக்கு அது சுகம், ஆனால் இழை குட்டையாக வழுக்குவதால் இந்தச் சின்னக் கண்ணிகளிலும் பறந்துவந்தது.

மேலே தைக்கப் போகிற எழுத்து 'அ'. அப்பாவின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விஜயதசமி அன்று மடியில் உட்காரவைத்து, தாம்பாளத்து அரிசியில் என் விரலைப் பிடித்து அவர் எழுதவைத்த 'அ' அது. எனக்கு நினைவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஹார்ட்டுக்கு அரிசி வெள்ளை. எழுத்துக்கு மஞ்சளையே எடுத்தேன். அரிசியை விரல் விலக்கினால் அடியில் தெரிவது பித்தளையின் நிறம்தானே.

தமிழ் எழுத்தைக் குரோஷா மேல் தைப்பது லேசில்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் கோடுகள், கண்ணி வரிசையிலேயே ஓட்டிவிடலாம். 'அ'வில் சுழியும் வளைவும்தான் உயிர். மொட்டை முனை ஊசியால் தைத்தபோது அது கண்ணிக்கு நடுவே இருக்கிற ஓட்டையில் மட்டுமே இறங்கியது, வளைவு படிக்கட்டு மாதிரி ஆனது. கூர் ஊசிக்கு மாறினேன். அது நூலையே பிளந்து நான் நினைத்த இடத்தில் இறங்குகிறது. மெல்லிய டிஷ்யூ தாளில் எழுத்தை எழுதி, குண்டூசியால் ஹார்ட்டில் பிடித்துக்கொண்டு, தாளின் மேலேயே சங்கிலித் தையல். சுழியில் தையலைப் பொடிப்பொடியாக, நேர்க்கோட்டில் கொஞ்சம் நீட்டி. பின்முகத்தையும் சேர்த்துத் தைத்துவிடாமல் இருக்க இரண்டு விரலை உள்ளே விட்டுக்கொண்டேன். இதையெல்லாம் அடியை மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், முடிச்சுகள் உள்ளேயே தங்கும். கடைசியில் தாளைக் கிழித்து, நுணுக்குத் துண்டுகளை ஊசி முனையால் எடுத்தேன்.

மூன்று தடவை பிரித்தேன். நாலாவது தடவை சுழி வட்டமாக வந்தது.

பிப்ரவரி 7, சனி

என் வீட்டுக்காரருடையது வண்டிச் சாவியில் தொங்கும். வெயில், வேர்வை, கிரீஸ் எல்லாம் படும். அதனால் மெரூன், சின்ன அளவு. குல்லாயை 12 கண்ணியிலேயே நிறுத்திக்கொண்டேன். பஞ்சை இறுக்கி அடைத்தேன். வளையத்தை மேல் நூலில் மாட்டாமல், இரண்டு மேடும் சேரும் பள்ளத்தில் நூலை உள்வரை விட்டு நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். மேல் கண்ணியில் மட்டும் மாட்டினால் ஒரு மாதத்தில் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

பெயர் தைக்கவில்லை. முன்பக்கம் 21, பின்பக்கம் ஜி. தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் ஓடிய 21ஜி பஸ்ஸில்தான் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். டிக்கெட்டுக்குச் சில்லறை கை மாற்றிக் கொடுத்ததில்தான் பேச்சு ஆரம்பித்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

தோழிகளுடையது இரண்டும் முடிந்தன, பையின் ஜிப்பில் மாட்டுகிற மாதிரி. எதிர் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அதனால் பொத்தான், மணி, வளையம் எதுவும் இல்லாமல் வெறும் மஞ்சள். நூல் முனையை மூன்று திசையில் மாற்றி மாற்றி உள்ளே இழுத்துவிட்டேன்.

பாக்கி இருப்பது அம்மாவுடையது. ஊசி குத்தி வைக்கிற மெத்தையாகச் செய்து தருகிறேன் என்று போனில் சொன்னேன். "ஹார்ட்டுல ஊசி குத்தச் சொல்றியா? அதெல்லாம் என்னால ஆகாது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். சரி, எங்கே இருந்தால் உனக்குப் பிரயோஜனம் என்று கேட்டேன். "கைப்பையில சாவியைத் தேடித் தேடியே வாசல்ல நிக்கிறேன்" என்றாள்.

வீட்டுச் சாவிக்கு, அப்படியென்றால். பார்க்காமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆகவே பெரிய அளவு, நன்றாக அலசிய அந்தச் சிவப்பு நூல். என் சின்ன வயசுக் கொலுசு ஒன்று திருகாணி போய் டப்பாவில் கிடந்தது. அதிலிருந்து ஒரு முத்தை எடுத்துப் பஞ்சுக்கு நடுவே வைத்தேன். சத்தமே வரவில்லை. பஞ்சு சத்தத்தை அமுக்கிவிடுகிறது. அடியைப் பிரித்து வெளியே எடுத்து, கூர் முனையில் தொங்கவிட்டுத் தைத்தேன்.

பிப்ரவரி 14, சனி

காலையில் வீட்டுக்காரர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "21ஆ? என்ன தேதி இது?" என்றார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் பேசவில்லை, சாவியை வளையத்தில் மாட்டிக்கொண்டார். அந்த வண்டியிலேயே மந்தைவெளிக்கு, அப்பா அம்மா வீட்டுக்குப் போனோம்.

அப்பா முதலில் முகர்ந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் எழுத்தின் மேல் எழுதிப் பார்த்தார், சுழியிலிருந்து. "சுழி நல்லா வந்திருக்கும்மா" என்றார். பீரோவில் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் வரை அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அம்மா முத்தை அடையாளம் கண்டுவிட்டாள். "இது உன் கொலுசு இல்ல?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது பால் வாங்கிவர எங்களோடு கீழே இறங்கினாள். பூட்டிவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டாள், உடனே கையை விட்டு வெளியே எடுத்தாள், மறுபடியும் போட்டாள். தெருமுனை வரை அந்த முத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.