"இனிமேல் செய்யமாட்டாள்" என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்பதை முதலில் கவனித்தது பள்ளிதான். அதுவரை நன்றி. அப்புறம் ஸ்டாஃப் ரூமில் ஐந்தாறு பேர் சுற்றி நிற்க, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கிவிட்டார்கள். என்னிடம், "ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொண்டாங்கம்மா, அதுவரைக்கும் வீட்டுல இருக்கட்டும். மத்த பிள்ளைங்களும் பார்த்துப் பழகிரும்" என்றார்கள்.

எங்கள் ஊர் கேரள எல்லையை ஒட்டிய புளியரை. கொழுந்தனார் சொன்னார் என்று ஆரியங்காவு தாண்டி ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். சந்தைக்கு எங்கள் மலையாளம் போதும், மனசைச் சொல்லப் போதாது. அரைமணி நேரத்தில் மகள் பேசியது 'ஆமா', 'இல்ல', அவ்வளவுதான். ஒரு நாள் போச்சு, பணமும் போச்சு.

அன்று ராத்திரி 14416-க்கு அடித்தேன். டெலிமானஸ். 2022லிருந்தே இருக்கிற அரசின் இலவச மனநல உதவி எண், எனக்குத்தான் தெரியவில்லை. தமிழிலேயே பேசினார்கள். மறுநாள் தென்காசி அரசு மருத்துவமனை, ஓபி சீட்டு, வரிசை. அதில் சிரமமில்லை.

சர்டிஃபிகேட் என்றதும் டாக்டர், "இனிமே காய்ச்சலே வராதுன்னு யாராவது எழுதித் தருவாங்களா?" என்றார். சாகணும்னு தோணுச்சா என்று மகளிடம் நேராகவே கேட்டார். எனக்குத் திக்கென்றது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாதாம். அவளும் முதல்முறையாக அழுதாள். தாங்கமுடியாத தவிப்பைக் குறைக்கத்தான் பல பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள், அதற்காக லேசாக விடவும் கூடாது என்றார்.

சர்டிஃபிகேட்டுக்குப் பதில் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவள் நம்புகிற ஒரே ஆசிரியர் பேசட்டும், முதலுதவிக்கு மட்டும் காயத்தைப் பாருங்கள், வகுப்பில் இதைப் பற்றிப் பேசாதீர்கள், தவிப்பு வந்தால் வெளியே போக விடுங்கள், பெற்றோரிடம் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்லுங்கள்.

ஆபீஸ் கிளார்க், "இதுல ஃபிட்னு போடலையே" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பெற்றுக்கொண்டதற்கு ஜெராக்ஸில் பள்ளி சீல் வாங்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டின் நகலையும் கேட்டார்கள், கொடுக்கவில்லை. சிகிச்சை விவரம் அவளுடையது, பள்ளி ஃபைலுக்கு எதற்கு?

இப்போது தமிழ் டீச்சர்தான் பொறுப்பு. பென்சில் பாக்ஸை மேசை ஓரத்தில் நகர்த்திவிட்டு அவள் எழுந்தால், எந்த டீச்சரும் ஏனென்று கேட்பதில்லை. போன வாரம் இரண்டு தடவை லைப்ரரிக்குப் போய், பெல் அடிப்பதற்குள் திரும்பிவிட்டாளாம்.

அந்த மன்னிப்புக் கடிதம் மட்டும் இன்னும் ஃபைலில் இருக்கிறது. திங்கட்கிழமை போய்க் கேட்கவேண்டும்.