கோட்டூர்புரத்துல இன்னைக்கு மதியம்

அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வெளிய ஒரு பையன் டிபன் பாக்ஸைத் திறந்து லெமன் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தான். மடியில டிஎன்பிஎஸ்சி கைடு, கிழிஞ்ச அட்டைக்கு செல்லோடேப்.

ஒரு வாய், ஒரு வரி.

கையைக் கழுவிட்டு, சொந்தப் புத்தகம் படிக்கிற ஹாலுக்கு ஓடிட்டான்.

2010-ல நூறு கோடிக்கு மேல செலவழிச்சு ஒன்பது மாடி கட்டினப்போ இவ்ளோ ஆடம்பரம் எதுக்குன்னு நானும் கேட்டேன், அடுத்த வருஷமே குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்துறோம்னு அரசு சொல்லி, ஹைகோர்ட் தலையிட்டுத்தான் இது லைப்ரரியாவே நின்னுச்சு.

மக்கள் காசுல பிரம்மாண்டமா கட்டுங்க, வேணாங்கல. ஆனா அந்தப் பையன் உள்ள போய் உக்கார இடம் இருக்கணும். வெளிய நின்னு செல்ஃபி எடுக்க மட்டும் ஒரு அலங்கார வளைவு கட்டுறதுன்னா எனக்கு சம்மதமே இல்ல.

நான் கிளம்பறப்போ மணி ஆறு. அவன் இன்னும் எந்திரிக்கல.