மூன்றடி தள்ளிப் படுத்தால் கேட்காத சத்தம்

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் இரவே அது ஆரம்பித்துவிட்டது. கேட்டது என்று சொல்வதுகூடச் சரியாக வராது. தலையணையில் தலையை வைத்தால், உள்ளிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகுவதுபோல் இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் வண்டிச் சத்தம்தான் இருந்தது, முனகலைக் காணவில்லை. மூடினால் மறுபடியும் வந்தது.

அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். என்னைப் பரிதாபமாக ஒரு பார்வை வேறு. ஒரு வாரம் போனதும் எனக்கே என் காதுமேல் சந்தேகம் வந்துவிட்டது.

நகரத்தில் இருக்கிறோம், சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். கனமான திரைச்சீலை வாங்கி மாட்டினேன். சுவரில் முக்கோண முக்கோணமாக இருக்குமே, அந்த ஸ்பாஞ்சு அட்டைகளை ஒட்டினேன். திரையும் ஸ்பாஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குடிக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால்தான் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஸ்பாஞ்சுக்கு ஏது எடை? இதெல்லாம் பணம் போன பிறகு தெரிந்துகொண்டது. காதடைப்பானும் போட்டுப் பார்த்தேன். என் இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது, கூடவே முனகலும்.

பிறகு ஜன்னலுக்கு வந்தேன். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. எங்கள் ஜன்னலில் நான்கு பக்கமும் வந்தது. மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தாலே போதும், கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. ரப்பர் பட்டை வாங்கிச் சுற்றிலும் ஒட்டினேன். ஒரு மாலை வேலைதான். சாலைச் சத்தம் நன்றாகவே அடங்கியது. இதைப் படிப்பவர்களில் சாலையோரம் குடியிருப்பவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ஆனால் அன்றிரவு முனகல் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது! அதுவரை சாலைச் சத்தம் அதன்மேல் போர்வைபோல் மூடிக் கிடந்திருக்கிறது. நான் போர்வையை உருவிவிட்டேன். அம்மாவுக்குக் கேட்காத காரணமும் அப்போதுதான் பிடிபட்டது. அவர் அறையில் சீலிங் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும்.

சரி, இனி சாமான் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு, என்ன சத்தம், எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்ததா மூடியதா. இரண்டு வாரம் விடாமல் எழுதினேன். 'தாங்க முடியாத இரைச்சல்' என்று நான் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது பிரித்தால் ஐந்தாறு சத்தம். காலையும் மாலையும் ஹாரன். இரவு பத்து மணி வாக்கில் சைலன்சரை மாற்றிய ஒரு பைக். விடியற்காலை நாலரைக்குச் சரக்கு இறக்க வரும் லாரி பின்னால் நகரும்போது போடும் 'பீப் பீப்'. நாளெல்லாம் டயர்கள் தாரில் உரசும் இரைச்சல்.

மின்சார வண்டிகள் வந்தால் நகரமே அமைதியாகிவிடும் என்று நானும் நம்பியவன்தான். கார் 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் என்ஜினைவிட டயர்தான் அதிகம் சத்தம் போடுகிறது. டயர் எல்லா வண்டிக்கும் உண்டு. 50-லிருந்து 30-க்கு வேகத்தைக் குறைத்தால் சுமார் 3 டெசிபெல் இறங்கும். சாலையில் பாதி வண்டிகளை எடுத்துவிட்டாலும் அதே 3 டெசிபெல்தான். பாதி வண்டிகளை எடுப்பது எங்கே, ஒரு வேகப் பலகை நடுவது எங்கே! ஆனால் அதற்கு ஊரே சேர வேண்டும். என் பட்டியலில் தனி ஆளாக நான் துரத்திப் பிடிக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. நோட்டில் எல்லாப் பக்கத்திலும், எல்லா மணிக்கும் எதிரே 'முனகல்' என்று எழுதியிருந்தேன். அதற்கு ஓய்வே இல்லை. அப்படியென்றால் அது இயந்திரம்.

போனில் டெசிபெல் பார்க்கும் செயலி 33 என்றது. நூலகத்தில்கூட அதைவிட அதிகம் இருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் 'நமக்குத்தான் பிரமை' என்று விட்டுவிடுகிறார்கள். செயலி காட்டுவது 'ஏ' அளவு. மனிதக் காது கட்டைக்குரல் ஒலியைக் குறைவாகக் கேட்கும் என்பதால், அந்த அளவில் 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து, அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியிலிருந்து, 19 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அமைப்புகளுக்குள் போய், கட்டை ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவுக்கு மாற்றினேன். 52. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் அறைக்குள் கட்டை ஒலிதான் ஆட்சி செய்கிறது என்று அர்த்தம். போன் மைக்கை நம்பிச் சண்டைக்குப் போக முடியாது, அது கட்டை ஒலியைச் சரியாக வாங்காது. ஆனாலும் எனக்குப் பைத்தியமில்லை என்று தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு செயலி, ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டுவது, 96 ஹெர்ட்ஸில் ஊசிபோல் ஒரு கோடு போட்டது. 96 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.6 மீட்டர். டேப்பை எடுத்து அறையை அளந்தேன். சுவருக்குச் சுவர் பன்னிரண்டடி, அதாவது அதே 3.6 மீட்டர். அலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதித் திரும்பி, அறைக்குள் நின்றபடி ஆடுகிறது. சுவரோரத்திலும் அறை நடுவிலும் உச்சம், சுவரிலிருந்து கால்வாசித் தூரத்தில் ஒன்றுமில்லை. நான் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். நள்ளிரவில் தரையில் நின்று, சுவரிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தேன். மூன்றாவது அடியில் யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் முனகல் நின்றது. இன்னும் இரண்டடி வைத்தால் திரும்ப வந்தது. அப்படியே முன்னும் பின்னும் பத்து முறை நடந்திருப்பேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்றே கட்டிலை மூன்றடி தள்ளிப் போட்டேன். பல வாரத்துக்கு அப்புறம் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். அறையின் நடுவில் கட்டில் போட்டு எத்தனை நாள் வாழ்வது என்பது வேறு விஷயம்.

எங்கள் கட்டடத்தின் முன்பகுதி இரண்டு மாடிக் கடைகள், பின்பகுதி குடியிருப்பு. இரண்டுக்கும் ஒரே கான்கிரீட் எலும்புக்கூடு. கடைகளின் மொட்டைமாடி என் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், அடித்தளத்தில் நிறுத்தும் வண்டிகளின் புகையை இழுத்து வெளியே தள்ளுவது. இரவு பகல் ஓடும். அதன் தகட்டில் நிமிடத்துக்கு 960 சுற்று, ஆறு பிளேடு என்று இருந்தது. பிளேடுகள் நொடிக்கு எத்தனை முறை வீசும்? 960-ஐ ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 96. மொட்டைமாடியில் நின்று சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

பராமரிப்பு மேலாளரிடம் போனேன். "பல வருஷமா ஓடுது சார். இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார். அது உண்மைதானா என்று பார்க்க மேல் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அக்கா, "அந்த முனகலா? உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்னு நினைச்சேன் தம்பி. கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். அவருக்கு இரண்டு வருடமாகத் தூக்கமில்லை. இன்னும் மூன்று வீடுகளில் விசாரித்து, ஐந்து வீட்டுக் கையெழுத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன்.

அளக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். சாலை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கருவியை வைத்துவிட்டு, "ஃபேனால கூடுதல் சத்தம் எதுவும் பதிவாகலை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். சாலைக்கு நடுவில் அந்த ஃபேன் எப்படித் தெரியும்? என் மனுவில்தான் தப்பு. 'தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும்' என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருந்தேனே ஒழிய, எப்போது, எங்கே, எப்படி அளக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

இரண்டாவது மனு அரைப் பக்கம்தான். நோட்டின் நகலை இணைத்தேன். மூன்று கோரிக்கை வைத்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் வர வேண்டும். படுக்கையறைக்குள், ஜன்னலை மூடிவிட்டு, 'ஏ', 'சி' இரண்டு அளவிலும் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஃபேனை நிறுத்தி ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை எடுக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் உயிர். நிறுத்தினாலும் ஓடினாலும் வித்தியாசம் 3 டெசிபெல்லுக்குள் இருந்தால், சத்தம் எதனுடையது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் போனால் வாதாட ஒன்றுமில்லை.

வந்தார்கள். மேலாளரும் கூட நின்றார். 'ஏ' அளவில் ஃபேன் நின்றபோது 29, ஓடும்போது 37. 'சி' அளவில் 44-லிருந்து 58-க்குத் தாவியது. தூங்கும் அறைக்குள் தொடர்ந்து வரும் சத்தம் 30-ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. கட்டை ஒலி மிகுந்திருந்தால் அதைவிடவும் குறைய வேண்டும் என்கிறது. எண்களைவிட வேறொன்றுதான் வேலை செய்தது என்பது என் எண்ணம். ஃபேன் நின்ற அந்தப் பத்து நிமிடம். அறையில் அப்படி ஓர் அமைதி இறங்கியது. மேலாளர் தன்னையறியாமல் நிமிர்ந்து சுற்றும்முற்றும் பார்த்தார். திரும்ப ஓடவிட்டதும், "ஓ, இதுவா" என்றார்.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். வயதானவர். பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார், பேரிங்கில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். "மோட்டார்ல குறையில்ல தம்பி. காலைப் பாருங்க" என்று என்னைக் குனியச் சொன்னார். ஃபேனின் அடிச்சட்டம் நான்கு ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. அதிர்வு தரைக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். ஆனால் எப்போதோ யாரோ சட்டம் ஆடுகிறதே என்று, ரப்பரையும் தாண்டி நீளமான போல்ட்டை நேராகக் கான்கிரீட்டில் இறக்கி, முழு பலத்தோடு முறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் நசுங்கிக் கல்லாகிக் கிடந்தது. நடுவில் ரப்பர் இருந்தும் இரும்பு கான்கிரீட்டோடு நேரே பேசிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு தூண் வழியாக ஏறி, என் தலைமாட்டுச் சுவரை ஒலிபெருக்கியாக்கிவிட்டது. வெளியே நீட்டிய தலைக்குக் கேட்காமல் தலையணைக்குள் கேட்டதற்குக் காரணம் இதுதான். ஜன்னலில் எத்தனை கண்ணாடி போட்டிருந்தாலும் வீண்.

அந்த போல்ட்டுகளை அறுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த புதுக் கால்கள் போட்டார். ஃபேனையும் தகரக் குழாயையும் நேராக இணைத்திருந்த இடத்தை வெட்டி, நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கேன்வாஸ் துணி வைத்தார். ஒரு நாள் வேலை.

வேகத்தைக் குறைக்கும் டிரைவ் போட மட்டும் மேலாளர் முரண்டு பிடித்தார். கூடுதல் செலவு. அப்போது சத்தத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. இந்த மாதிரி ஃபேனில் வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால் காற்றும் இருபது சதவீதம்தான் குறையும், ஆனால் மின்சாரம் பாதியாகிவிடும். இரவில் அடித்தளத்தில் வண்டி நடமாட்டமே கிடையாது, புகைக்கு அந்தக் காற்று தாராளம். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மறு வாரமே டிரைவ் வந்துவிட்டது. சத்தமும் 5 டெசிபெல் போலக் குறையும் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். வேகம் மாறியதில் 96 ஹெர்ட்ஸ் 77 ஆகி, என் அறையின் நீளத்தோடு அதற்கிருந்த பொருத்தமும் முறிந்தது.

இப்போது இரவில் 30 காட்டுகிறது. சுவரில் காதை ஒட்டி வைத்துத் தேடினால் ஏதோ இருக்கிறது, தேடாவிட்டால் இல்லை. விடியற்காலை லாரி மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. நோட்டில் அதற்கு ஒரு புதுப் பக்கம் திறந்திருக்கிறேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது மெக்கானிக் மஞ்சள் பெயிண்ட் டப்பா கேட்டார். ஃபேனின் அடிச்சட்டத்தில் நாலு காலுக்குப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதினார். என் ஜன்னலிலிருந்து இரண்டு இடத்தில் படிக்க முடிகிறது: 'ஆடும். ஆடட்டும். முறுக்காதே.'