திரையரங்கில் ஒன்று, வீட்டில் இரண்டு

2024இல் வெளியான மூன்று தமிழ்ப் படங்களில் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’ படத்தை மட்டுமே திரையரங்கில் பார்த்தேன். அட்டகத்தி தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்தின் பழைய பாடல் ஒலிக்க, அரங்கில் எழுந்த விசில் சத்தம் படத்தின் ஒலியோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் இடையிலான வீம்பைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே, ஊர் அணியில் யாருக்கு இடம் மறுக்கப்படுகிறது என்ற சாதிக் கணக்கையும் படம் பேசுகிறது.

பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யை வீட்டில் பார்த்தேன். பின்னணி இசையே இல்லாத இப்படத்தில் ஆட்டோவின் இரைச்சலும் கட்டப்பட்ட சேவலின் தவிப்பும்தான் இசை. ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது உத்தமம். வேற்றுச் சாதிக்காரனை விரும்பியவளுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, குடும்பமே சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறது. வழியில் ஒலிக்கும் பாட்டை அவள் முணுமுணுத்ததற்காகச் சூரி வெறிகொண்டு எல்லோரையும் அடிக்கும் காட்சியில், எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பெரும்பாலும் வாய் திறக்காமலேயே, அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் படத்தைத் தாங்குகிறார்.

பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ நீளம் என்று பலர் குறைபட்டதால், வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. தஞ்சாவூரை விட்டுப் போனவரும் ஊரிலேயே இருப்பவரும் விடிய விடியப் பேசுவதுதான் கதை என்னும்போது, பேச்சைக் குறைத்தது எனக்கு உவப்பாக இல்லை.