கழுத்து டிஸ்க் விலகியபோது: ஆஸ்பத்திரிக்கும் சின்சேவுக்கும் நடுவில்

கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் விலகினால் கழுத்துதான் வலிக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு வலி தொடங்கியது இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில், கை எட்டாத அந்த இடத்தில். சில நாட்களில் அது மேல்கையின் பின்பக்கமாக இறங்கி, முழங்கையைத் தாண்டி, நடுவிரல் வரை வந்துவிட்டது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது விரல் நுனி. கழுத்தில் லேசான பிடிப்பு, அவ்வளவுதான்.

நான் சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதக் கடைசி என்றால் மடிக்கணினியைக் குனிந்து பார்த்தபடியே பொழுது போய்விடும். வலி வந்ததும் முதலில் தேய்த்தது கோடாலித் தைலம். ஊருக்குப் போகும்போது டஜன் கணக்கில் வாங்கிப்போகிறோமே, அதுதான். தோல் சூடானது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

இரவில்தான் கொடுமை. மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் கை குடைந்தது. இடது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் மட்டும் வலி பாதியாகக் குறைந்தது. எம்ஆர்டி ரயிலிலும் அப்படியே நின்றுகொண்டு போனேன், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் அறைக்குள் அந்தக் கோலத்திலேயே நுழைந்தேன். "கை தலையில் இருந்தால் சுகமாக இருக்கிறதா?" என்று அவரே கேட்டார். கழுத்து நரம்பு நசுங்கியவர்கள் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் நிலை அது. கையைத் தூக்கும்போது நரம்பின் இழுப்பு தளர்கிறது என்றார்.

அதன் பிறகு அவர் செய்த சோதனைகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தலையை இடப்பக்கம் சாய்த்து, மேலிருந்து மெதுவாக அழுத்தினார். விரல்வரை மின்சாரம் பாய்ந்தது. முழங்கைக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது கை துள்ளியது, இடது கை சும்மா கிடந்தது. அப்புறம் இரண்டு கையையும் மடக்கச் சொல்லி, "என்னைத் தள்ளுங்கள்" என்றார். வலது கை அவரைத் தள்ளியது. இடது கை அவர் கொஞ்சம் எதிர்த்ததுமே மடங்கிவிட்டது. அலுவலகத்தின் கனமான தீத்தடுப்புக் கதவைச் சில நாளாகத் தோளால் இடித்துத் திறந்துகொண்டிருந்தேனே, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. சப்பாத்தி மாவு பிசையும்போது இடது கை ஓய்ந்துபோனதும் இதனால்தான். கடைசியாக நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தார், ஒரே கோட்டில் அடி மேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். இந்த இரண்டும் நரம்புக்காக அல்ல. தண்டுவடமே நசுங்குகிறதா என்று பார்க்க.

கழுத்தில் எலும்பு ஏழு, நரம்பு ஜோடி எட்டு. ஆறாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கினால் அழுந்துவது பெரும்பாலும் ஏழாவது நரம்பு. முழங்கையை நீட்டித் தள்ளும் தசைக்கும் நடுவிரலின் உணர்ச்சிக்கும் அதுதான் பொறுப்பு. இதற்கு மேலே உள்ள டிஸ்க் என்றால் கட்டைவிரல் மரத்துப்போகும், கையை மடக்கும் பலம் குறையும். டாக்டர் என் விரலை வைத்தே இடத்தைச் சொல்லிவிட்டார். தசையின் பலத்தை 0 முதல் 5 வரை அளப்பார்களாம், 5 என்றால் முழுப் பலம். எனக்கு 4 போட்டு, பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் வைத்தார். அந்தக் குறிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. வெறும் வலி என்றால் மாத்திரை தந்து சில வாரம் பொறுக்கச் சொல்லியிருப்பார்கள். பலம் குறைந்திருப்பதால் எம்ஆர்ஐக்கும் முதுகெலும்பு அறுவை மருத்துவருக்கும் சீட்டு எழுதினார்.

மாத்திரைகள்: வீக்கத்துக்கு எடோரிகாக்சிப், நரம்பு வலிக்கு கபாபென்டின், தசைப்பிடிப்புக்கு ஒன்று. கபாபென்டின் தூங்க வைத்தது, பகலிலும்தான். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று மருந்தகப் பெண்மணி இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரித் தேதிக்காகக் காத்திருந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி விடாப்பிடியாக என்னைச் சின்சேவிடம், அதாவது சீன மருத்துவரிடம், அழைத்துப் போனார். வழியில் அதே வரிசையில் ஒரு மசாஜ் கடை. கழுத்தைத் திருகி, "டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடலாம்" என்றார்கள். நான் உட்காரக்கூட இல்லை. பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியாது. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு.

சின்சேயின் கிளினிக் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. சுவரில் பதிவுச் சான்றிதழ். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதிவு செய்யாமல் யாரும் சீன மருத்துவம் பார்க்க முடியாது. முதலில் அதைப் பார்த்துக்கொண்டேன். ஆன்ட்டி மாண்டரினில் மொழிபெயர்க்க, அவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு கொஞ்சம் கருநீலமாம். கழுத்தில் காற்றும் குளிர்ச்சியும் ஈரமும் புகுந்து ஓட்டத்தை அடைத்துவிட்டனவாம். நம் வீட்டில் பாட்டி சூடு, குளிர்ச்சி, வாய்வு என்று பேசுவதற்கு இது அவ்வளவு தூரமில்லை. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, முழு நம்பிக்கையும் வரவில்லை.

ஆனால் அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பலதுறை மருந்தக டாக்டர் செய்த அதே தள்ளும் சோதனையை அவரும் செய்தார். இடது கை மடங்கியதும் முகம் மாறியது. ஆஸ்பத்திரித் தேதி இருக்கிறதா, எம்ஆர்ஐ எப்போது என்று கேட்டார். "நான் வலியைக் குறைக்கிறேன். தேதியைத் தள்ளிப்போடாதே. கழுத்தை நான் திருக மாட்டேன்" என்றார். டிஸ்க் உள்ளே போகும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

குப்புறப் படுக்கவைத்து, முகத்துக்கு ஓட்டை வைத்த கட்டிலில், கழுத்து எலும்பின் இரு பக்கமும், மண்டை ஓட்டின் அடிக்குழிகளிலும், தோள் மேட்டிலும் ஊசிகள். முடியை விடக் கொஞ்சம்தான் தடிமன். குத்தும்போது ஒரு சுருக், அவ்வளவே. உணர வேண்டியது அதற்குப் பிறகு வருவதைத்தானாம்: ஊசியைத் திருகும்போது உள்ளே ஒரு கனம், கடுகடுப்பு, பரவும் வலி. அது வந்ததும் நான் "ம்" என்பேன், அவர் கையை எடுத்துவிடுவார். ஒரு ஊசி, சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையின் ஓரத்தில். கழுத்துக்குக் கையிலா என்று கேட்டேன். கழுத்துப் பிடிப்புக்குச் சீனாவில் காலங்காலமாகக் குத்தும் இடமே அதுதான் என்றார் ஆன்ட்டி, சின்சேயைக் கேட்காமலே. பிறகு இரண்டு ஊசியில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விட்டார். தோள் தசை தானாக டிக் டிக்கென்று துடித்தது. மேலே ஒரு சூட்டு விளக்கு. அந்தக் கட்டிலில் நான் தூங்கிப்போனேன். வீட்டில் வராத தூக்கம்.

முதல் அமர்வின் பலன் ஓரிரு நாள் நின்றது. தோள்பட்டை இறுக்கம் நன்றாகவே தளர்ந்தது. விரல் மரப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்தடுத்த முறைகளில் பலன் கொஞ்சம் நீண்டது. தோலை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்களை முதுகில் ஒட்டவைக்கும் கப்பிங்கை ஒரு தடவைதான் செய்துகொண்டேன். முதுகில் கத்தரிப்பூ நிறத்தில் வட்ட வட்டமாகக் கன்றிய தடம், வீட்டில் விசாரணை, போதும்.

மூலிகையில்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்ஸூ கிழங்கு, லவங்கப்பட்டைக் குச்சி, டாங்குய் வேர் எல்லாம் சேர்ந்த தூள் பொட்டலம் தந்தார். மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும் என்றார். ரத்தம் உறைவதை டாங்குய் தாமதப்படுத்தலாம் என்பதால் ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது. நான் வார்ஃபரின் எடுக்கவில்லைதான். ஆனால் இரண்டு பக்க மருந்தையும் வடிகட்ட எனக்கு இருப்பது ஒரே ஒரு கல்லீரல். வயிற்றைக் கடிக்கும் மாத்திரை முடியும்வரை வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பொட்டலத்துக்கான காசையும் கழித்துவிட்டார்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி தொடங்கிவிட்டது. தாடையை உள்ளே இழுத்து இரட்டைத் தாடை விழவைக்கும் பயிற்சி, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, கையை நீட்டி மடக்கி நரம்பை மெல்ல நகர்த்துவது. பார்க்க அற்பமாக இருக்கும். தினமும் பல தடவை செய்ய வேண்டும் என்பதில்தான் கஷ்டம். கழுத்தை இயந்திரம் மாட்டி இழுப்பதையும் செய்தார்கள். இழுக்கும்வரை சொர்க்கம், லிஃப்டில் இறங்குவதற்குள் பழைய வலி. கழுத்தைத் தாங்கும் காலர் பட்டையை நாள் முழுக்க மாட்டாதீர்கள், கழுத்துத் தசை சோம்பேறி ஆகிவிடும் என்றார் பிசியோ. சின்சேயோ ஏசிக் காற்று கழுத்தில் படவே கூடாது, சால்வை போடு, ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்றிருந்தார். பிசியோவிடம் கேட்டேன். "ஏசியால் டிஸ்க் நகராது. சால்வை சுகமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். போட்டுக்கொண்டேன்.

எம்ஆர்ஐ வந்தது. ஆறு-ஏழு நடுவே இடப்பக்கமாக டிஸ்க் பிதுங்கி, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வந்திருந்தது. தண்டுவடத்தைத் தொடவில்லை. அறுவை மருத்துவர் படத்தைக் காட்டிய நேரத்தை விட என் கையைத் தள்ளிப் பார்த்த நேரம்தான் அதிகம். இப்போது 4, கூட்டல் குறியோடு. "ஏறுகிறது. அப்படியென்றால் காத்திருக்கலாம்" என்றார்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதில்லை என்று அவர் விளக்கியது எனக்குப் புதிது. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, ரத்த அணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. லேசாகப் புடைத்த டிஸ்க்கை விட, உடைந்து வெளியே வந்த பெரிய துண்டுதான் பல நேரம் அதிகமாகச் சுருங்குமாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் கைவலி தணிந்துவிடுகிறது. அதுவரை பலம் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை என்றால் எப்படி என்றும் கேட்டு வைத்தேன். முன்கழுத்தில் சிறிய கீறல், மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கம் ஒதுக்கி, டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூண்டை வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவிடுவார்கள். இதன் அடிப்படை முறை 1950களிலிருந்தே இருக்கிறது. கைவலி சீக்கிரம் போகும். சில நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கலாம், குரல் கம்மலாம். ஒட்டிய எலும்புகளின் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் கூடுதல் சுமை தாங்க வேண்டிவரும். அதற்காகச் சிலருக்குச் செயற்கை டிஸ்க் வைக்கிறார்கள். நரம்பின் அருகே ஸ்டீராய்டு ஊசி என்று நடுவழி ஒன்றும் சொன்னார். கழுத்தில் அதற்கு அபூர்வமான ஆனால் பெரிய ஆபத்துகள் உண்டு என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நான் இரண்டையும் தவிர்த்தேன்.

சின்சேவிடம் போகிறேன் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாள்பட்ட கழுத்து வலிக்கு அக்குபஞ்சர் ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் உண்டு, நரம்பு அழுந்திய கைவலிக்குச் சான்று குறைவு, ஆனால் ஊசி சுத்தமாக இருந்து கழுத்தைத் திருகாமல் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். உடனே வர வேண்டிய அறிகுறிகள் எவை என்று கேட்டதற்கு அவர் சொன்னவை, சின்சே ஏற்கெனவே சொன்னவைதான்: கை பலம் மேலும் இறங்குவது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது.

பணக் கணக்கு: ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து போனது. சின்சேவுக்குக் கொடுத்தது முழுக்கக் கைக்காசு. அவர் தரும் எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, எங்கள் அலுவலகம் ஏற்கவில்லை. சட்டப்படி அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஊசிக்குப் போன நாட்கள் ஆண்டு விடுப்பில் கழிந்தன. வசதி குறைந்தவர்களுக்கு இங்கே தர்ம வைத்தியசாலைகள் உண்டு. சின் சுவீ சாலையில் இருக்கும் தோங் சாய் 1867-லிருந்து இன மத பேதமில்லாமல் பார்க்கிறது. அங்கே வரிசையில் நம் ஆட்களையும் பார்க்கலாம்.

எது குணப்படுத்தியது என்று எல்லாரும் கேட்கிறார்கள். தூங்க வைத்தது கபாபென்டின். தோளைத் தளர்த்தியது ஊசி. கையைத் திருப்பிக் கொடுத்தது பயிற்சியும், அந்தக் கூழ் சுருங்க எடுத்துக்கொண்ட காலமும் என்றுதான் நினைக்கிறேன். ஆன்ட்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைசிப் பரிசோதனையில் 5 போட்டு அனுப்பிவிட்டார்கள். கதவைக் கையாலேயே தள்ளுகிறேன். நடுவிரல் நுனியில் கொஞ்சம் மரப்பு பாக்கி இருக்கிறது. ஈ, டி, சி விசைகளை அடிக்கும்போது தெரியும். உணர்ச்சி கடைசியில்தான் வரும், சிலருக்கு முழுசாக வராது என்றார் அறுவை மருத்துவர். அதற்கும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் சின்சே. இன்னும் அப்பாயின்ட்மென்ட் வாங்கவில்லை.