2023 முழுக்க மழையே பெய்யவில்லையாம்: மாங்கோடிபியில் $குரூப் போட்ட கதை

சென்னையில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். என் டேட்டாபேஸுக்கு மட்டும் இல்லை. மாதவாரியாக மழையைக் கூட்டச் சொன்னால் அந்த வருடத்தின் பன்னிரண்டு மாதத்துக்கும் பூஜ்யம் என்று பதில் சொன்னது. எர்ரர் வந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். சமர்த்தாகப் பூஜ்யம் கொடுத்ததால் ஒரு வாரம் போயிற்று.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் மழைமானி, அதைப் பார்த்து நிரப்ப பிஎச்பியில் எழுதிய ஒரு வலைப் படிவம், பின்னால் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ். அமைப்பு அவ்வளவுதான். மழை பெய்தால் மட்டுமே குறிப்பேன். மானி 100 மி.மீ.தான் கொள்ளும் என்பதால் கனமழை நாளில் மூன்று நான்கு முறை கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாகப் போடுவேன். அதனால்தான் கூட்டல் தேவைப்படுகிறது.

தொடங்கும்போதே ஒரு அரை நாள் வீண். தேடியதில் முதலில் கிடைத்த பழைய பாடம், கலெக்‌ஷன் (பதிவுகளின் தொகுப்பு) மேலேயே குரூப் என்ற மெத்தடைக் கூப்பிட்டு, உள்ளே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ரிடியூஸ் ஃபங்ஷனைச் சரமாகக் கொடுக்கச் சொன்னது. அந்த மெத்தட் இருந்த, பிஎச்பியை மாங்கோவோடு இணைக்கும் பழைய டிரைவர் பிஎச்பி 7-க்கே வரவில்லை. சர்வர் பக்கமும் அந்த குரூப் கட்டளையை மாங்கோவின் 4.2 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். இனி எல்லாம் அக்ரிகேட் பைப்லைன்தான்: பதிவுகளை $குரூப், $சார்ட் என்று படிப்படியாகக் கடத்துவது. புதிதாக வருபவர்கள் அந்தப் பாடங்களைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு பத்து நிமிடத்தைத் தின்றது மேற்கோள் குறி. பைப்லைனில் ஃபீல்டு பெயரை இரட்டை மேற்கோளுக்குள் டாலரோடு எழுதினால், பிஎச்பி அதைத் தன் வேரியபிள் என்று நினைத்துக் காலியாக்கிவிடும். ஒற்றை மேற்கோள்தான் போட வேண்டும். தெரிந்திருந்தும் செய்த தப்பு, விட்டுவிடுகிறேன்.

சரி, பூஜ்யத்துக்கு வருவோம். கூட்டல் போடும் $சம், எண் அல்லாத எதையும் சத்தம் போடாமல் ஒதுக்கிவிடும். படிவத்திலிருந்து பிஎச்பிக்கு வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து. நான் மாற்றாமல் அப்படியே சேமித்திருக்கிறேன். ஷெல்லில் பார்த்தால் 12.5 என்றுதான் தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் மேற்கோள் குறி கண்ணில் படவே இல்லை. 2024 நடுவில் கைபேசியிலிருந்து ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பத் தொடங்கினேன். ஜேசன் டிகோட் எண்ணை எண்ணாகவே தரும். அதனால் அந்த வருடத்துக்கு மட்டும் ஏதோ ஒரு அரைகுறைத் தொகை வந்து என்னை இன்னும் குழப்பியது.

கண்டுபிடித்த வழியைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். மழை அளவை வைத்துக் குரூப் செய்யாமல், அந்த ஃபீல்டின் வகையை வைத்துக் குரூப் செய்தேன். எதை வைத்துக் குரூப் என்று சொல்லும் ஐடியின் இடத்தில் $டைப், எண்ணிக்கைக்குப் பதிவுக்கு 1 என்று கூட்டும் $சம். ஒரே வரியில் வண்டவாளம் வெளியே வந்தது: ஸ்ட்ரிங் 611, டபுள் (தசம எண்) 38, இன்ட் (முழு எண்) 9, ஃபீல்டே இல்லாதது 3. இனி எந்தக் கலெக்‌ஷனைத் தொட்டாலும் முதலில் இதைத்தான் ஓட்டுவேன்.

அடுத்து எல்லாவற்றையும் தசம எண்ணாக்கும் $டுடபுள் போட்டேன். ஒரே ஒரு பதிவில் ‘12 மி.மீ.’ என்று அலகோடு எழுதியிருந்தேன், மொத்த பைப்லைனும் படுத்துவிட்டது. ‘தூறல்’ என்று எழுதிய நாட்களும் உண்டு. $கன்வர்ட்டில், மாற்ற முடியாவிட்டால் என்ன தருவது என்று சொல்லும் ஆன்எர்ரருக்கு நல் (வெற்று மதிப்பு) கொடுத்தால் ஓடும். ஆனால் அது குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது மாதிரி. அதனால் நல் ஆகிறவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பதிவுகள். கையாலேயே திருத்தினேன். இரண்டில் செய்தித்தாளைப் பார்த்த பழக்கத்தில் செ.மீ. கணக்கில் எழுதியிருந்தேன், அது வேறு. பிறகு பல பதிவுகளை ஒருசேரத் திருத்தும் அப்டேட்மெனிக்குள் அதே பைப்லைனைக் கொடுத்து எல்லாவற்றையும் நிரந்தரமாக டபுளாக மாற்றினேன். 4.2 முதல் இப்படிச் செய்யலாம்.

மாதத் தொகை வந்துவிட்டது. அப்புறம் நாள்வாரி. இங்கேதான் உண்மையான சண்டை.

வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அது முடிகிற தேதியில் எழுதுவார்கள். நம் 8.30 என்பது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சரியாக 3.00. மாங்கோ நேரத்தை யுடிசியில்தான் வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பதிவின் நேரத்தோடும் 21 மணி நேரத்தைக் கூட்டிவிட்டு, நேரத்தை எழுத்தாக்கும் $டேட்டுஸ்ட்ரிங்கால் தேதியை மட்டும் எடுத்தால் மழை நாள் கிடைக்கும். மில்லிசெகண்டில் ஏழு கோடியே ஐம்பத்தாறு லட்சம். டைம்ஜோன் கொடுக்கவே தேவையில்லை. என்ன ஒரு அழகு என்று டீ போட எழுந்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் 2023 டிசம்பர் 4-ஆம் தேதிக்குரிய மழையில் ஒரு பங்கு 5-ஆம் தேதியில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் தேதி இரவு முழுக்கக் கொட்டியதை எழுந்து எழுந்து கவிழ்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? இரண்டு இரவு சூத்திரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். சூத்திரம் சரி. தப்பு என் காலில் இருந்தது. 8.30 அளவை எடுக்க நான் மாடி ஏறி, பார்த்து, படிவத்தில் போடும்போது மணி 8.32 ஆகிவிடும். முடிந்த நாளின் கடைசி அளவு, இரண்டு நிமிடத் தாமதத்தால் அடுத்த நாளுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு நாளும்!

21-ஐ 20 ஆக்கினேன். வெட்டு 9.30-க்குத் தள்ளிப்போனது. 8.45-க்கும் 9.30-க்கும் இடையில் நான் மானியைத் தொட்டதே இல்லை, அந்த நேரத்தில் பேருந்தில் இருப்பேன். விஞ்ஞானப்படி இது ஒப்பேற்றல்தான், ஆனால் என் பதிவுகளுக்குப் பொருந்துகிறது.

இதற்கு நேரத்தை நாள் கணக்கில் வெட்டித் தரும் $டேட்ட்ரங்க் போதாதா என்று கேட்பீர்கள். அது 5.0-இல்தான் வந்தது. அந்தப் பதிப்புக்குத் தேவையான ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி என் பழைய டெஸ்க்டாப்பின் சிபியூவில் கிடையாது. 5.0 போட்டால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று செத்துவிழுகிறது. அதனால் இன்னும் 4.4. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, தெரியும். மாங்கோவின் இணையச் சேவையான அட்லஸில் இலவசமாக 512 எம்பி தருகிறார்கள், என் மொத்த மழையும் அதன் ஒரு மூலையில் அடங்கும். ஆனால் நெட் போகிற நாள்தான் மழை பெய்கிற நாள்.

மழை நாட்களை எண்ணுவது எளிதாக முடிந்தது. நாள்வாரி $குரூப்புக்குப் பிறகு மாதவாரியாக இன்னொரு $குரூப், அதற்குள் $சம்மில் நிபந்தனை பார்க்கும் ஒரு $காண்ட்: 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 1, இல்லையென்றால் 0. தொகை 63.400000000000006 என்று வந்ததற்கு ஒரு $ரவுண்ட். குரூப்பிலிருந்து வருவது எந்த வரிசையிலும் வரலாம் என்பதால் கடைசியில் $சார்ட்.

ரிச்சி தெருவில் இஎஸ்பி போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சாயும் வாளி வகை மழைமானி கிடைத்தால் ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. என்று அதுவே பதிவு போடும், இரவில் எழுந்து கவிழ்க்கும் வேலை மிச்சம். கேட்ட இரண்டு கடையிலும் காற்றுமானியோடு சேர்த்துத்தான் தருவோம் என்கிறார்கள். காற்று எனக்கு எதற்கு? தெரிந்த கடை இருந்தால் சொல்லுங்கள்.

அதற்கு முன் வரைபடம் முடிய வேண்டும். பதிவே இல்லாத நாளை $குரூப் உண்டாக்காது, ஆகவே மழையில்லா நாட்கள் கோட்டில் காணாமல் போகின்றன. இடைவெளியை நிரப்பும் $டென்சிஃபை 5.1-இல்தான், என் சிபியூவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிஎச்பியில் தேதிகளை வரிசையாகத் தரும் டேட்பீரியட் போட்டு நானே பூஜ்யம் நிரப்பினேன். நேற்று இரவு ஓட்டிப் பார்த்தால் 364 நாள். முடிவுத் தேதியை டேட்பீரியட் சேர்த்துக்கொள்ளாதாம். டிசம்பர் 31-ஐக் காணோம். இன்று இரவு அதைத்தான் பார்க்கப் போகிறேன்.